விடுமுறை நாளில் மட்டும் விழுந்த இன்வெர்ட்டர்கள்: 1 மெகாவாட் சோலார் இணைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு தொழிற்சாலையின் கூரைகளில் 1 மெகாவாட் சோலார் அமைப்பு நிறுவப்பட்டது. தலா 50 கிலோவாட் திறனுள்ள 20 இன்வெர்ட்டர்கள் (சோலார் தகடுகளின் நேர்மின்சாரத்தை வலைக்கு ஏற்ற மாறுமின்சாரமாக்கும் கருவிகள்), எல்லாம் ஒரே மாடல். அவை 400 வோல்ட் பிரதான பேனலில் (ஆலையின் மின்பகிர்வுப் பெட்டியில்) சேர்ந்து, 6 சதவீத மின்மறுப்பு கொண்ட 1,250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 11 கிலோவோல்ட் ஃபீடரில், அதாவது மின்விநியோகப் பாதையில், இணைந்தன. தொழிற்சாலை அந்த ஃபீடரின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அதே பேனலில்தான் ஆலையின் மோட்டார்களும், பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் 200 கேவிஏஆர் கெப்பாசிட்டர் பேங்கும் இருந்தன. பேங்கின் ஒவ்வொரு படியிலும் 7 சதவீத ரியாக்டர் என்னும் சுருள் தொடராக இருந்தது. சுமை கூடினால் படிகளைச் சேர்த்து, குறைந்தால் கழற்றும் தானியங்கிக் கட்டுப்பாடும் உண்டு. இந்த பேங்க் கதையில் மறுபடி வரும்.

400 வோல்ட் பக்கத்தில், வலை எவ்வளவு உறுதியானது என்று காட்டும் குறுக்குச் சுற்றுத் திறன் சுமார் 10 எம்விஏ. 1 மெகாவாட் உற்பத்திக்கு 10 எம்விஏ என்றால் குறுக்குச் சுற்று விகிதம் 10. பொதுவாக இந்த விகிதம் 3க்குக் கீழே போனால்தான் பலவீனமான மின்வலை என்று கவலைப்படுவார்கள். அதனால் வடிவமைப்புக் கட்டத்தில் இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய நடைமுறைப்படி அது தவறு என்றும் சொல்ல முடியாது.

சோதனை ஓட்டம் ஒரு வேலை நாளில், ஆலை முழுவீச்சில் ஓடும்போது நடந்தது. 20 இன்வெர்ட்டர்களும் ஓடின, மின்னோட்டச் சிதைவு 5 சதவீத வரம்புக்குள் நன்றாகவே அடங்கியிருந்தது. ஒப்படைப்பு ஆவணங்களில் கையெழுத்தானது.

என்ன நடந்தது

முதல் வார விடுமுறையிலேயே தொல்லை தொடங்கியது. காலையில் இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வலையில் இணைந்தன. கொஞ்ச நேரத்தில் சில டிரிப் ஆயின, அதாவது தற்காப்புக்காகத் தாமாகவே வலையிலிருந்து விலகின. 5 நிமிடம் காத்திருந்து மறுபடி இணைந்தன, மறுபடி விழுந்தன. மாலைவரை இதே கதை. மறுநாள் ஆலை ஓடத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

இன்வெர்ட்டர்களின் பதிவில் பெரும்பாலும் ‘வலை மின்னழுத்தம் அதிகம்’ என்றும், சில இடங்களில் ‘மின்னோட்ட மிகை’ என்றும் இருந்தது. அடுத்த விடுமுறையிலும் அதேதான். விடுமுறை நாளில்தான் உற்பத்தி முழுவதும் வெளியே விற்பனைக்குப் போக வேண்டும். அன்றைக்கே கைவிட்டால் உரிமையாளர் சும்மா இருப்பாரா? ஒப்பந்ததாரருக்கும் ஆலைத் தரப்புக்கும் இடையே கடிதங்கள் பறக்க ஆரம்பித்தன.

முதல் சந்தேகம்: மின்னழுத்த உயர்வு

பதிவு சொன்னதை ஒப்பந்ததாரர் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த முடிவில் நியாயம் இருந்தது. நீண்ட ஃபீடரின் கடைசியில் 1 மெகாவாட்டை எதிர்த்திசையில் தள்ளினால் மின்னழுத்தம் ஏறும். ஆலைச் சுமை இல்லாத நாளில் இன்னும் ஏறும். சோலார் இணைப்புகளில் மிக வழக்கமான தொல்லை இது.

இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, இன்வெர்ட்டர்களின் மின்னழுத்த டிரிப் வரம்பை உயர்த்துவது. வரம்பு வலையை நடத்துபவரின் விதிப்படி அமைக்கப்பட்டது, தொந்தரவு தருகிறது என்பதற்காக நகர்த்தக் கூடாது என்று ஆலையின் மின்பொறியாளர் மறுத்துவிட்டார். இந்த ஆய்வில் எடுத்த முடிவுகளில் நல்ல முடிவு இதுவே என்று நினைக்கிறேன். வரம்பை உயர்த்தியிருந்தால் டிரிப் சற்றுத் தள்ளிப்போயிருக்கும், பின்னால் நாங்கள் கண்டுபிடித்த அலைவு அதுவரை பேனலில் உள்ள எல்லாக் கருவிகளையும் அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (மின்னழுத்தத்தைப் படிப்படியாகச் சரிசெய்யும் இணைப்பை) ஒரு படி மாற்றுவது. அதைச் செய்தார்கள். 400 வோல்ட் பக்க மின்னழுத்தம் எதிர்பார்த்தபடியே 2.5 சதவீதம் இறங்கியது. டிரிப் மட்டும் இம்மியும் குறையவில்லை.

தயாரிப்பாளர் தரப்பும் ஒரு வழி சொன்னது. இன்வெர்ட்டரின் அமைப்புகளில் ‘பலவீன வலை’ என்று ஒரு தேர்வு உண்டு, அதை இயக்கிப் பார்க்கச் சொன்னார்கள். வலையின் கட்டத்தைப் பின்தொடரும் பிஎல்எல் சுற்றின் வேகத்தை அது குறைக்கும். குறுக்குச் சுற்று விகிதம் 2, 3 என்று இறங்கிய இடங்களில் இது உண்மையாகவே உதவும். ஆனால் பிஎல்எல் சார்ந்த தடுமாற்றம் வருவது பெரும்பாலும் சில பத்து ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். இங்கே விகிதம் 10. தேர்வை இயக்கியும் எந்த வித்தியாசமும் இல்லை.

எலக்ட்ரீஷியன் சொன்ன கணக்கு

மூன்றாவது மாதத்தில்தான் வெளியிலிருந்து எங்கள் குழுவை அழைத்தார்கள். பதிவுகளைப் பார்ப்பதற்கு முன் விடுமுறைப் பணியில் இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் பேசினோம். அவர் சொன்னது இதுதான்: “முழுசா ஒருநாளும் நிக்கறதில்ல சார். எப்பப் பாத்தாலும் பதினாலு, பதினஞ்சு ஓடிட்டுதான் இருக்கும். அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு சேந்தா பேனல்ல கீச்சுன்னு ஒரு சத்தம். உடனே அஞ்சாறு போயிடும்.”

இந்த நாலு வாக்கியத்தில் முக்கால்வாசி விடை இருந்தது. மின்னழுத்த உயர்வுதான் காரணம் என்றால், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நண்பகலில் டிரிப் குவிய வேண்டும். பதிவுகளை நேரவாரியாக அடுக்கினோம். முதல் டிரிப்புகள் காலையில், ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராத நேரத்தில் வந்திருந்தன. அப்போது வலைக்குப் போன மின்சாரம் சொற்பம், மின்னழுத்தமும் சாதாரணம்தான். டிரிப் உற்பத்தியின் அளவைப் பார்த்து வரவில்லை, இணைந்த இன்வெர்ட்டர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வந்தது.

அடுத்து, விழுவது எப்போதும் அதே இன்வெர்ட்டர்கள் அல்ல. ஒரு நாள் 3, 8, 17 என்றால் மறுநாள் வேறு எண்கள். ஒரு கருவியில் கோளாறு என்றால் இப்படி மாறி மாறி வராது.

மூன்றாவது அந்தச் சத்தம். 50 ஹெர்ட்ஸ் உறுமல் எல்லாருக்கும் பழக்கம். இன்வெர்ட்டரின் சுவிட்சிங் அதிர்வெண்ணான 12 கிலோஹெர்ட்ஸ் மிக மெல்லிய கூர்மையான ஒலி. ‘கீச்’ என்று காதில் தெளிவாக விழுவது இரண்டுக்கும் நடுவில், ஆயிரம் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டும்.

அலைவடிவத்தில் தெரிந்தது

ஆலையில் ஏற்கெனவே ஒரு மின்தர அளவுமானி பொருத்தியிருந்தார்கள். அதன் அறிக்கையில் எல்லாம் சுத்தம். காரணம் எளிது. ஐஇசி 61000-4-30 முறைப்படி அது 10 நிமிடங்களுக்குத் திரட்டிய மதிப்புகளையே சேமிக்கிறது. நொடியின் சிறு பங்கில் பெருகி, டிரிப் ஆனதும் மறையும் ஒரு நிகழ்வு 10 நிமிடத் திரட்டில் கரைந்து போய்விடும். அந்த அறிக்கையைக் காட்டி ‘வலை சுத்தமாக இருக்கிறது’ என்று ஒரு கடிதமே போயிருந்தது.

பேனலில் ஆஸிலோஸ்கோப்பை வைத்து, தனிமைப்படுத்திய ப்ரோப் வழியாக மின்னழுத்தத்தையும், கிளாம்ப் வழியாக ஓர் இன்வெர்ட்டரின் மின்னோட்டத்தையும் பிடித்தோம். டிரிப் நொடியில் பதிவாகும்படி டிரிகர் அமைத்தோம். முதல் பதிவிலேயே விஷயம் தெரிந்தது. 50 ஹெர்ட்ஸ் அலையின் மேல் ஓர் அதிவேக அலைவு ஏறி, ஒவ்வொரு சுற்றுக்கும் பெருத்துக்கொண்டே போனது. அதன் உச்சிகள் மின்னழுத்தத்தின் உச்சியோடு சேர்ந்தபோது இன்வெர்ட்டர் ‘மின்னழுத்தம் அதிகம்’ என்று பதிந்துவிட்டு விலகியது. ஆக, பதிவு பொய் சொல்லவில்லை. உச்சி மின்னழுத்தம் உண்மையாகவே கூடியது, ஆனால் ஃபீடரின் உயர்வால் அல்ல.

அலைவின் அதிர்வெண் 1,920 முதல் 1,980 ஹெர்ட்ஸ்வரை, டிரிப்புக்கு டிரிப் மாறியது. வலையிலிருந்து வரும் ஹார்மோனிக் என்றால் 50இன் முழு மடங்காக, பெரும்பாலும் 5, 7, 11, 13 என்ற வரிசையில், அசையாமல் நிற்க வேண்டும். மடங்கில் நிற்காமல், இணைந்த இன்வெர்ட்டர்களின் எண்ணிக்கையோடு நகரும் அதிர்வெண் என்றால் அது ஒத்ததிர்வு, அதாவது சுற்று தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்வது. அதுவும் பெருகிக்கொண்டே போகிறது என்றால் அதற்கு யாரோ ஆற்றல் ஊட்டுகிறார்கள். அந்தப் பேனலில் 2 கிலோஹெர்ட்ஸில் ஆற்றல் ஊட்டக்கூடியவை இன்வெர்ட்டர்களின் கட்டுப்பாடுகள் மட்டுமே.

ஒவ்வொன்றாக இயக்கிய நாள்

அடுத்த விடுமுறையில் எல்லா இன்வெர்ட்டர்களையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கினோம். 15 வரை அமைதி. 16ஆவது சேர்ந்ததும் பேனலிலிருந்து மெல்லிய விசில். ஆஸிலோஸ்கோப்பில் சிறிய, ஆனால் அடங்காத அலைவு. 17ஆவது சேர்ந்ததும் அலைவு பெருகி ஐந்து இன்வெர்ட்டர்கள் விழுந்தன. வரிசையை மாற்றி, வேறு இன்வெர்ட்டர்களிலிருந்து தொடங்கினோம். எல்லை அதே இடத்தில்தான் வந்தது.

பிறகு மறுபக்கச் சோதனை. 16 இன்வெர்ட்டர்கள் விசிலடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாசிட்டர் பேங்கின் படிகளைக் கையால் இணைத்தோம். விசில் நின்றது. கழற்றினால் திரும்பி வந்தது. சுமை இல்லாத நாளில் பேங்கை இணைத்தால் மின்னழுத்தம் சுமார் 2 சதவீதம் ஏறும் என்பதால் அதைச் சில நிமிடங்களோடு முடித்துக்கொண்டோம். மின்னழுத்தம் ஏறியபோது டிரிப் நின்றது என்பதைக் கவனித்தால், முதல் சந்தேகம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஏன் பதினைந்தோடு நின்றது

ஒவ்வோர் இன்வெர்ட்டரின் வாசலிலும் எல்சிஎல் ஃபில்டர் இருக்கிறது. இன்வெர்ட்டர் பக்கம் 0.5 மில்லிஹென்ரி சுருள், வலைப் பக்கம் 0.1 மில்லிஹென்ரி சுருள், நடுவில் 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சுவிட்சிங் இரைச்சலை வடிகட்டுவது இதன் வேலை. சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஒத்ததிர்வும் கூடவே வரும். வலை மிக உறுதியாக, தூண்டலே (சுருள்போல் மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணமே) இல்லாமல் இருந்தால் இந்த ஃபில்டரின் ஒத்ததிர்வு சுமார் 3,900 ஹெர்ட்ஸ்.

வலையில் தூண்டல் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரையும் ஃபீடரையும் சேர்த்து 400 வோல்ட் பக்கத்தில் சுமார் 50 மைக்ரோஹென்ரி. ஒரே ஓர் இன்வெர்ட்டருக்கு இது சிறிய எண்தான். ஆனால் 20 இன்வெர்ட்டர்கள் ஒரே மாதிரி மின்னோட்டத்தை அந்தப் பொதுத் தூண்டலில் தள்ளும்போது, அதில் விழும் மின்னழுத்தம் ஒன்று தள்ளுவதைப்போல் 20 மடங்கு. ஒவ்வோர் இன்வெர்ட்டரின் பார்வையிலும் வலை 50 மைக்ரோஹென்ரியாக இருப்பதில்லை, 1 மில்லிஹென்ரியாக இருக்கிறது. எண்ணிக்கை கூடக்கூட ஒத்ததிர்வு இறங்கும். கணக்கிட்டால் 1 இன்வெர்ட்டருக்கு சுமார் 3,310 ஹெர்ட்ஸ், 5க்கு 2,480, 10க்கு 2,155, 15க்கு 2,006, 16க்கு 1,985, 20க்கு 1,920.

15க்கும் 16க்கும் நடுவில் 2,000 ஹெர்ட்ஸைக் கடப்பதைக் கவனியுங்கள். அந்த எண் தற்செயல் அல்ல. இந்த இன்வெர்ட்டரின் கட்டுப்பாடு நொடிக்கு 12,000 முறை வலைப்பக்க மின்னோட்டத்தை அளக்கிறது. அளந்து, கணக்குப் போட்டு, முடிவைச் சுவிட்சுகளில் செயல்படுத்தி முடிக்கச் சராசரியாக ஒன்றரை அளவீட்டு இடைவெளி நேரம் போகிறது. 12 கிலோஹெர்ட்ஸில் அது 125 மைக்ரோநொடி. 2,000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 500 மைக்ரோநொடி. ஆக அந்த அதிர்வெண்ணில் தாமதம் சரியாகக் கால் சுற்று, 90 பாகை. மாதிரியெடுப்பு (அளவீட்டு) அதிர்வெண்ணில் ஆறில் ஒரு பங்கு என்று கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் சொல்லும் எல்லை இதுதான்.

ஊஞ்சலில் கைவைக்கும் நேரத்தைப் பொறுத்து அது அடங்கும் அல்லது வீசும் இல்லையா, அதுபோலத்தான். வலைப்பக்க மின்னோட்டத்தை மட்டும் வைத்துக் கட்டுப்படுத்தும்போது, ஒத்ததிர்வு எல்லைக்கு மேலே இருந்தால் தாமதமே அலைவை அடக்கும் பக்கம் வேலை செய்யும். கீழே வந்தால் அதே கட்டுப்பாடு அலைவை ஊட்டி வளர்க்கும். இந்த மாடலை வடிவமைத்தவர்கள் தனியாகத் தணிப்பு எதுவும் வைக்கவில்லை. தனி ஓர் இன்வெர்ட்டர் எந்தச் சாதாரண வலையிலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கும் என்று, தாமதத்தையே தணிப்பாக நம்பியிருந்தார்கள். தனி இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியாகவும் இருந்தது. வகைச் சோதனையும் தனி இன்வெர்ட்டரை வைத்துத்தான் நடக்கிறது.

வேலை நாளில் ஏன் தொல்லை இல்லை? கெப்பாசிட்டர் பேங்கில் உள்ள 7 சதவீத ரியாக்டர்கள் அதை 190 ஹெர்ட்ஸ் பக்கம் இசைவாக்குகின்றன. அதற்கு மேலே பேங்க் கெப்பாசிட்டராக நடந்துகொள்ளாது, சுருளாக நடந்துகொள்ளும். 2 கிலோஹெர்ட்ஸில் அது வலைக்கு இணையாக நிற்கும் சுமார் 190 மைக்ரோஹென்ரி சுருள். 50 மைக்ரோஹென்ரி 40 ஆகக் குறைந்துவிடும். ஓடும் மோட்டார்களின் கசிவுத் தூண்டலும் இணையாகச் சேர்ந்தால் 34 பக்கம் வரும். கணக்குப்படி எல்லை 15லிருந்து 22 இன்வெர்ட்டர்களுக்கு நகர்கிறது. இருப்பது 20. மோட்டார்கள், கேபிள்களின் மின்தடையும் கொஞ்சம் தணிக்கும்.

விடுமுறை நாளில் மோட்டார்கள் நின்றுவிடும். சுமை இல்லாததால் பேங்கும் எல்லாப் படிகளையும் கழற்றிவிடும். சோதனை ஓட்டம் நடந்த அன்று இந்த இரண்டும் இருந்தன.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1995இல் சுவிட்சர்லாந்து ரயில் மின்வலையில், மின்னணு மாற்றிகள் கொண்ட புதிய எஞ்சின்கள் பல ஒரே வட்டாரத்தில் சேர்ந்தபோது ஒத்ததிர்வால் தாமாக நின்றுபோயின. தனித்தனியாகச் சோதித்தால் குறையில்லாத கருவிகள் கூட்டமாகச் சேரும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பது இந்தத் துறைக்கு அப்போதே தெரியும்.

முன்னே இருந்த வழிகள்

காரணம் தெரிந்த அன்றே ஒரு தற்காலிக முடிவு எடுத்தோம். விடுமுறை நாளில் 14 இன்வெர்ட்டர்களுக்கு மேல் ஓடக் கூடாது. எல்லை 15 என்றாலும், ஃபீடரில் வேறு மாற்றம் நடந்தால் அது நகரக்கூடும் என்பதால் ஒன்றைக் குறைத்தோம். விடுமுறை உற்பத்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போகும். உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லைதான். டிரிப் ஆகி ஆகி இணையும்போது ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் ரிலேக்களும் தேய்வதை விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார்.

நிரந்தர வழியாக ஒப்பந்ததாரர் கேட்டது, பேங்கை எப்போதும் இணைத்தே வைத்துவிட்டால் என்ன என்று. செலவில்லாத வழி, வேலை செய்யும் என்று கண்ணால் பார்த்தும் ஆயிற்று. மூன்று காரணங்களுக்காக மறுத்தோம். சுமையில்லாத நாளில் 200 கேவிஏஆரை வலைக்குள் தள்ளினால் பவர் ஃபேக்டர் முந்திய பக்கம் போய்விடும். மின்னழுத்தமும் வீணாக ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேங்க் மட்டும் இணைந்து மோட்டார்கள் ஓடாத நிலையில் கணக்குப்படி எல்லை 19 பக்கம்தான் வருகிறது. 20 இன்வெர்ட்டர்களும் நிலையாக நிற்குமா என்பதே கேள்விக்குறி. ஒரு படி பழுதானால் தொல்லை மறுபடி வரும், அப்போது அதற்கும் பேங்குக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவில் இருக்காது.

ஃபில்டர் கெப்பாசிட்டரோடு தொடராக மின்தடை வைப்பது பழைய, நம்பகமான வழி. ஆனால் 20 பெட்டிகளையும் திறக்க வேண்டும், உத்தரவாதம் போகும், மின்தடை எப்போதும் கொஞ்சம் ஆற்றலைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் என்ற யோசனை செலவைப் பார்த்ததும் போய்விட்டது. ஃபீடரின் தூண்டல் அதனால் குறையப்போவதும் இல்லை.

மிஞ்சியது ஃபர்ம்வேர், அதாவது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள். அலைவடிவப் பதிவுகள், ஒவ்வொன்றாக இயக்கிய அட்டவணை, மேலே சொன்ன கணக்கு எல்லாவற்றையும் தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்பினோம். அதுவரை ‘உங்கள் வலையில் பிரச்சினை’ என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள், எண்ணிக்கையோடு அதிர்வெண் நகரும் அட்டவணையைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஃபர்ம்வேர் மாற்றமும் அதில் இருந்த பொறியும்

முதலில் பேசப்பட்டது செயல்வழித் தணிப்பு. கெப்பாசிட்டரில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்பாட்டுக்குள் திருப்பி ஊட்டினால், அங்கே ஒரு மின்தடை இருப்பதுபோல் இன்வெர்ட்டர் நடந்துகொள்ளும், ஆனால் வெப்ப இழப்பு இல்லை. கெப்பாசிட்டர் மின்னோட்டத்தை அளக்கத் தனி உணரி இல்லை. கெப்பாசிட்டர் மின்னழுத்தத்தை ஏற்கெனவே அளக்கிறார்கள், அது மாறும் வேகத்திலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பொறி எங்கே என்றால், இந்தப் போலி மின்தடையும் அதே தாமதத்துக்கு உட்பட்டது. 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நல்ல மின்தடையாக இருக்கும், மேலே போனால் குணம் தலைகீழாகிவிடும். இந்த அமைப்பில் ஒத்ததிர்வோ காலையில் முதல் இன்வெர்ட்டர் எழும்போது 3,310இல் தொடங்கி, கடைசி இன்வெர்ட்டர் சேரும்போது 1,920இல் முடிகிறது. விடுமுறை நாள்தோறும் எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். சரியாக எல்லையில் நிற்கும்போது எந்த அளவு தணிப்பு வைத்தாலும் சரிவராது.

தயாரிப்பாளர் குழு எடுத்த முடிவு எல்லையையே நகர்த்துவது. சுவிட்சிங் அதிர்வெண்ணை 12 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்துவிட்டு, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அளந்து இரண்டு முறை புதுப்பிப்பது. மாதிரியெடுப்பு 24 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது, தாமதம் பாதியாகிறது, எல்லை 4,000 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. ஃபில்டரின் அதிகபட்ச ஒத்ததிர்வே 3,900தான் என்பதால், எத்தனை இன்வெர்ட்டர் ஓடினாலும் எல்லைக்குக் கீழேயே இருக்கும். அங்கே செயல்வழித் தணிப்பு முழுவதும் சரியான பக்கத்தில் வேலை செய்யும்.

இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது முக்கியம். மாதிரியெடுப்பை மட்டும் வேகப்படுத்தியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். தாமதம் கொடுத்துவந்த இயல்பான தணிப்பு போய், முதல் இன்வெர்ட்டரிலிருந்தே அலைவு வந்திருக்கும். ‘வேகமான கட்டுப்பாடு நல்லது’ என்று பொதுவாகச் சொல்வது இங்கே எடுபடாது.

பின்விளைவு

புதிய ஃபர்ம்வேரை எல்லாவற்றிலும் ஒரேயடியாக ஏற்றவில்லை. முதலில் ஒன்றில் ஏற்றி, அந்த ஒன்றை மட்டும், மோட்டார்கள் ஓடி பேங்கும் இணைந்த நிலையில் ஓட்டினோம். இந்த ஆலையில் ஒத்ததிர்வு மிக உயரே போகும் நிலை அதுதான், 3,460 ஹெர்ட்ஸ் அளவு. அங்கே தடுமாறாவிட்டால் மற்ற நிலைகள் எளிது. தடுமாறவில்லை. பிறகு சில சிலவாக ஏற்றினோம். புதியதும் பழையதும் கலந்து ஓடிய நாட்களில் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தோம். பாதி இன்வெர்ட்டர்கள் மாறுவதற்குள்ளேயே விடுமுறையில் 20ம் நின்றன. தணிப்புள்ள இன்வெர்ட்டர்கள் பக்கத்தில் இருப்பவற்றின் அலைவையும் சேர்த்து உறிஞ்சின.

எல்லாவற்றிலும் ஏற்றி முடித்த பிறகு, ஆலை நின்று, பேங்க் கழன்ற நிலையில் ஒவ்வொன்றாக இயக்கும் சோதனையை மறுபடி செய்தோம். 20 வரை அமைதி. ஓர் இன்வெர்ட்டரின் கட்டளையை வேண்டுமென்றே திடீரென மாற்றிப் பார்த்தபோது சிறிய அலைவு எழுந்து சில சுற்றுகளில் அடங்கியது. சுவிட்சிங் மாறாததால் இன்வெர்ட்டர்களின் வெப்பநிலையில் வேறுபாடு தெரியவில்லை. விடுமுறைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டேப்பை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. சோலார் உற்பத்திக்கு அந்தப் புதிய இடமே பொருத்தமாக இருந்தது.

அலைவு ஓடிய மாதங்களில் ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க, அதிகம் டிரிப் ஆன மூன்று இன்வெர்ட்டர்களைத் தயாரிப்பாளர் தரப்பே திறந்து அளந்தது. ஒன்றில் கொள்ளளவு குறைந்திருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள்.

இனி என்ன மாறும்

ஆலையின் ஒப்படைப்பு நடைமுறையில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சோதனை ஓட்டம் இரண்டு முறை நடக்க வேண்டும், ஒன்று முழுச் சுமையில், மற்றொன்று சுமையே இல்லாமல், பேங்க் கழன்று, எல்லா இன்வெர்ட்டர்களும் இணைந்த நிலையில். இரண்டாவதுக்கு ஆகும் செலவு அரைநாள் வேலை.

கொள்முதல் குறிப்பில் குறைந்தபட்சக் குறுக்குச் சுற்று விகிதத்தை மட்டும் கேட்டால் போதாது. ஒத்ததிர்வு எந்த அதிர்வெண் வரம்பில் இருந்தால் இன்வெர்ட்டர் நிலையாக நிற்கும், ஒரே முனையில் எத்தனை இணையலாம், வலைத் தூண்டல் எவ்வளவு வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும். சிலர் தர மறுக்கிறார்கள். வெளியீட்டு மின்மறுப்பு வரைபடத்தையாவது கேட்டு வாங்கினால் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம்.

மின்தர அளவுமானியில் 10 நிமிடத் திரட்டோடு, டிரிப் நேர அலைவடிவத்தைப் பிடிக்கும் வசதியும் இயக்கப்பட்டிருக்கிறது. அந்த வசதி கருவியில் முதலிலிருந்தே இருந்தது, யாரும் இயக்கவில்லை, அவ்வளவுதான். விடுமுறைப் பணியாளர்களின் பதிவேட்டில் ‘எத்தனை ஓடுகின்றன, என்ன சத்தம்’ என்று எழுத ஓர் இடமும் சேர்த்தார்கள்.

ஆலை இப்போது இன்னும் 6 இன்வெர்ட்டர்களைச் சேர்க்கத் திட்டமிடுகிறது. அதே மாடல், அதே ஃபர்ம்வேர் என்றால் 26க்கு ஒத்ததிர்வு 1,850 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், தணிப்பு வேலை செய்யும் பகுதிக்குள்தான். ஆனால் விலை காரணமாக வேறு மாடல் பேசப்படுகிறது. அதன் ஃபில்டர் மதிப்புகளும் மாதிரியெடுப்பு வேகமும் வரும்வரை ஆலையின் மின்பொறியாளர் கொள்முதல் உத்தரவில் கையெழுத்திடவில்லை.